சிறுவர் நூலும் பெரியவர் கண்ணும்

புதுக்கோட்டை மாவட்டம் திருமயம் வட்டத்தில் இராயவரம் என்றோர் ஊர் உண்டு. நகரத்தார் கட்டிய பெரிய வீடுகளைக் காண அங்கே வருவோர் பலர். ஆயின் தமிழ்ப் பிள்ளைகளுக்கு அவ்வூர் அளித்த செல்வம் அவ்வீடுகளினும் பெரிது. 1939-ஆம் ஆண்டு 'சக்தி' என்னும் திங்களிதழைத் தொடங்கி, நல்ல நூல்களைக் குறைந்த விலையில் எளியோர் கைக்கும் எட்டச் செய்த வை. கோவிந்தன் அவ்வூரில் பிறந்தவர். 1922 நவம்பர் 7 அன்று பிறந்து, பின்னாளில் 'குழந்தைக் கவிஞர்' என்றே தமிழ் மக்கள் அழைத்த அழ. வள்ளியப்பாவும் அவ்வூரினரே. இளைஞர் வள்ளியப்பா முதலில் வேலைக்கு அமர்ந்தது கோவிந்தனின் சக்தி அலுவலகத்தில்தான். அங்கே ஆசிரியப் பொறுப்பிலிருந்த தி. ஜ. ர. அவரை எழுதுமாறு தூண்டினார். 1941-இல் இந்தியன் வங்கியில் சேர்ந்த வள்ளியப்பா, ஏறத்தாழ 40 ஆண்டுகள் பகலெல்லாம் பிறர் பணத்தை எண்ணினார். எஞ்சிய பொழுதில் பிள்ளைகளுக்குப் பாட்டெழுதினார். 'மலரும் உள்ளம்' 1944-இல் வெளிவந்தது. குழந்தை எழுத்தாளர் சங்கம் 1950-இல் அவர் முயற்சியால் உருவாயிற்று. 1989 மார்ச் 16 அன்று, மதுரைப் பல்கலைக்கழகக் கூட்டமொன்றில் குழந்தை இலக்கியத்திற்காக வாதாடிவிட்டு அமர்ந்தவர் அப்படியே மயங்கிச் சாய்ந்து உயிர் துறந்தார். இத்தகைய இறப்பு எல்லாருக்கும் வாய்ப்பதன்று.

'பாலர் மலர்', 'டமாரம்', 'சங்கு', 'பூஞ்சோலை', பின்னர் 'கோகுலம்' என அவர் பெயரோடு இணைந்த சிறுவர் இதழ்களின் பட்டியல் நீளமானது. அவற்றுள் ஒன்றும் இன்று அச்சில் இல்லை. 1972-இல் பிறந்த 'கோகுலம்' 2020-இல் அச்சு வடிவில் நின்றது. 1947-இல் தொடங்கிய 'அம்புலிமாமா' அதற்கு முன்னரே நின்றுவிட்டது. இவற்றைப் படித்த பிள்ளைகளோ நிற்கவில்லை. வளர்ந்தார்கள், மணமுடித்தார்கள், இப்பொழுது பேரப் பிள்ளைகளையும் எடுத்துவிட்டார்கள். அவர்களுள் எத்தனை பேர் அந்த நூல்களை மறுபடியும் திறந்து பார்த்திருப்பார்கள்?

இவ்வினாவை நான் எழுப்பக் காரணம் உண்டு. எங்கள் பங்கில் மறைக்கல்வி வகுப்பறையின் ஓரத்தில் இரண்டு நிலைப்பேழைகளில் சிறுவர் நூல்களை வைத்திருக்கிறோம். ஞாயிறு திருப்பலி முடிந்ததும் பிள்ளைகள் வந்து எடுத்துப் போவார்கள். யார் எதை எடுத்தார் எனக் குறித்து வைப்பதற்காக நானும் சிலவற்றைப் புரட்ட நேர்ந்தது. பிள்ளைப் பருவத்தைப் பற்றியும் வளர்வதைப் பற்றியும் எழுதப்பட்ட நூல்களையே விரும்பி எடுத்தேன். சிலவற்றை ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்குப்பின் மீண்டும் படித்தேன். எழுத்து அதே எழுத்துதான், ஒரு புள்ளியும் மாறவில்லை. ஆனால் அன்று கதைக்குள்ளே சிறுவனின் தோளுக்கருகில் நின்று பார்த்தவன், இன்று கதவோரம் நிற்கும் தந்தைக்கருகில், கரும்பலகைக்கருகில் நிற்கும் ஆசிரியருக்கருகில் நின்று பார்ப்பதைக் கண்டேன். அன்று அவர்கள் இருந்ததே என் கண்ணில் படவில்லை!

காந்தியடிகளின் இளமையை எடுத்துக்கொள்வோம். 'சத்திய சோதனை'யிலிருந்து எடுத்துப் பாடநூல்களிலும் சிறுவர் நூல்களிலும் பலமுறை சொல்லப்பட்ட நிகழ்ச்சி அது. தமையனின் கடனை அடைப்பதற்காக, தமையன் கையிலிருந்த பொற்காப்பிலிருந்து சிறிது பொன்னை வெட்டி எடுத்துவிடுகிறான் பதினைந்து வயதுச் சிறுவன். மனம் உறுத்துகிறது. நேரில் சொல்ல நா எழவில்லை. ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதி, தண்டனையும் கேட்டு, நோயுற்றுக் கிடந்த தந்தையிடம் கொடுக்கிறான். இந்நிகழ்ச்சியைப் பத்து வயதில் படித்தபோது எனக்கு ஒரே அச்சம்: அடி விழுமா, விழாதா? அடி விழவில்லை என்றதும் அப்பாடா என்று பக்கத்தைத் திருப்பிவிட்டேன். இப்போது படிக்கையில் பக்கத்தைத் திருப்ப முடியவில்லை. வெறும் மரப்பலகையில் படுத்திருந்த அந்த நோயாளி, தாளைப் படிப்பதற்காக எழுந்து உட்காருகிறார். கன்னத்தில் கண்ணீர் வழிகிறது. ஒரு கணம் கண்ணை மூடுகிறார். தாளைக் கிழித்துப் போடுகிறார். மீண்டும் படுத்துக்கொள்கிறார். ஒரு சொல்லும் பேசவில்லை. கோபக்காரர் என்று பெயரெடுத்த மனிதர், அந்த ஒரு கணத்தில் கண்ணை மூடிக்கொண்டு என்ன நினைத்தாரோ! ஒப்புரவுத் தொட்டியில் அமர்ந்து பிறர் குறைகளைக் கேட்கும் பணி எனக்கு வாய்த்திருக்கிறது. அந்தத் தாளை அவர் கிழித்த விதத்தைப் பற்றி நான் வெகுநேரம் எண்ணிக்கொண்டிருந்தேன்.

விடுதலைக்குப் பிந்திய ஆண்டுகளில் நம் சிறுவர் எழுத்தாளர்கள் பெரியோர்களின் பிள்ளைப் பருவத்தை விரும்பி எழுதினார்கள். வள்ளியப்பாவும் 'சின்னஞ்சிறு வயதில்' போன்ற நூல்களை எழுதினார். நாடு புதிது, நல்ல குடிமக்கள் தேவைப்பட்டார்கள். ஆதலால் அவர்கள் செய்தது சரியே. எனினும் இவ்வகை நூல்களைப் பெரியவரான பின் படிப்பதில் ஒரு சங்கடம் உண்டு. படிக்கின்ற நாம் காந்தியும் ஆகவில்லை, கணித மேதை இராமானுஜனும் ஆகவில்லை. மேதையின் பிள்ளைப் பருவம் என்றால், அவர் பிற்காலத்தில் அடைந்த புகழுக்கு அது முன்னுரையாகவே சொல்லப்படுகிறது. புகழ் வாராத கோடிக்கணக்கான பிள்ளைகளின் இளமை எதற்கு முன்னுரை? இவ்வகை நூல்களை நான் குறை கூறவில்லை. ஆனால் பிள்ளைப் பருவத்தைப் பிள்ளைப் பருவமாகவே காட்டுகின்ற நூல் வேறு. நம் மண்ணில் அவ்வகைக்கு முதலிடம் கொடுக்க வேண்டுமாயின், ஆர். கே. நாராயண் 1935-இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட 'ஸ்வாமி அண்ட் ஃப்ரெண்ட்ஸ்' நூலுக்கே கொடுப்பேன்.

சென்னையில் 1906-இல் பிறந்து புரசைவாக்கத்தில் பாட்டியிடம் வளர்ந்தவர் நாராயண். அவருடைய கைப்பிரதியைப் பதிப்பாளர் பலர் திருப்பி அனுப்பினர். நண்பரொருவர் மூலம் அது இங்கிலாந்தில் கிரகாம் கிரீன் கைக்குப் போய்ச் சேர்ந்தது. கத்தோலிக்கத்தைத் தழுவிய எழுத்தாளரான கிரீன்தான் அதற்கு அங்கே ஒரு பதிப்பாளரைத் தேடிக்கொடுத்தார். இளங்குருமடத்தில் ஆங்கிலம் பழகுவதற்காக எங்களுக்கு இந்நூலைப் படிக்கக் கொடுத்தார்கள். 1980-களில் தொலைக்காட்சியில் 'மால்குடி டேஸ்' தொடராக இது வந்தபோது பார்த்தவர்கள் நம் குடும்பங்களிலும் இருப்பார்கள்.

பத்து வயது சுவாமிநாதனுக்குத் தந்தை கணக்குப் போடச் சொல்கிறார். இராமனிடம் பத்து மாம்பழம், பதினைந்து அணாவுக்கு விற்க எண்ணுகிறான், கிருஷ்ணனுக்கு நாலே நாலு பழம் வேண்டும், என்ன விலை? சுவாமியின் மனம் கணக்கில் இல்லை, பழத்தில் இருக்கிறது. பழம் பழுத்ததா, காயா என்று தெரியாமல் எப்படி விலை சொல்வது? தந்தையிடமே கேட்டுவிடுகிறான். பதினான்கு வயதில் இதைப் படித்து வயிறு குலுங்கச் சிரித்தோம். தந்தை எங்களுக்கு வில்லன். இப்போதும் சிரிப்பு வருகிறது. ஆனால் சிரிப்பின் ஊடே அந்தத் தந்தையின் விடுமுறைப் பகலும் தெரிகிறது: நீதிமன்றம் இல்லாத நாளில், மகனுக்கு ஒரு கணக்காவது வரட்டுமே என்று உட்கார்ந்த வழக்கறிஞர், பழம் பழுத்ததா என்ற கேள்விக்கு விடை தெரியாமல் திணறுகிறார். வணிகம் தெரிந்தவர் எவரும் கேட்க வேண்டிய கேள்வியைத்தான் பையன் கேட்டான் என்பதும் இப்போதுதான் விளங்குகிறது. பழுத்த பழத்துக்கும் காய்க்கும் ஒரே விலை உண்டா?

பின்னர் ஒருநாள் சுவாமி ஊரைவிட்டு ஓடிப்போகிறான். காட்டில் வழி தவறி அவன் நடுங்குகின்ற பகுதியே எனக்கு இளமையில் உயிர். இன்று அப்பகுதி சற்று விரைந்து போய்விட்டது. மகனைத் தேடி இரவில் ஊர் எல்லைவரை, ஆற்றங்கரைவரை நடக்கும் தந்தையிடமே கண் நின்றது. ஆற்றை எதற்காகப் பார்க்கிறார் என்பது பதினான்கு வயதில் எனக்கு உறைக்கவே இல்லை.

இந்நூலில் நாம் கத்தோலிக்கர் நின்று படிக்க வேண்டிய இடம் வேறொன்றுண்டு. அது முதல் அத்தியாயத்திலேயே இருக்கிறது. சுவாமி படிப்பது ஒரு கிறிஸ்தவப் பள்ளி. வேதபாட ஆசிரியர் எபனேசர், வகுப்பிலுள்ள இந்துப் பிள்ளைகளின் முன்னால் அவர்கள் வழிபடும் கண்ணனை இழித்துப் பேசுகிறார். அவர்கள் தெய்வங்களைக் கல்லென்றும் மரமென்றும் ஏசுகிறார். சுவாமியால் பொறுக்க முடியவில்லை. எழுந்து எதிர்க்கேள்வி கேட்கிறான். காது முறுக்கப்படுகிறது. மறுநாள் தந்தையின் கடிதத்தோடு வந்து தலைமையாசிரியரிடம் கொடுக்கிறான். கிறிஸ்தவர் அல்லாத பிள்ளைகள் உங்கள் பள்ளிக்கு வேண்டாமா என்று நேராகக் கேட்கும் கடிதம் அது. நாராயண் இதனைக் கற்பனையாக மட்டும் எழுதவில்லை. தாம் சிறுவயதில் படித்த மிஷன் பள்ளியின் வேதபாட வகுப்பைப் பற்றிப் பிற்காலத்தில் தம் வாழ்க்கை நினைவுகளிலும் ஏறத்தாழ இவ்வாறே எழுதினார்.

குருமடத்தில் இப்பகுதியைப் படித்தபோது எபனேசர் எங்களுக்கு ஒரு வேடிக்கை மனிதர். அவர் குரலில் பேசிக் காட்டி மகிழ்ந்தோம். முப்பது ஆண்டுக் குருத்துவப் பணிக்குப்பின் படிக்கும்போது வேடிக்கை போய்விட்டது. வெறுப்பு மிகுந்த கயவனாக நாராயண் அவரைப் படைக்கவில்லை என்பதுதான் இதில் வலிக்கும் செய்தி. தம் ஆண்டவரைப் பற்றிப் பேசும்போது அவர் உணர்ச்சிவயப்படுகிறார். அந்தப் பத்திக்காகவே மற்றவர் பத்தியை மிதிக்கிறார். எதிரே அமர்ந்திருப்பது பத்து வயதுப் பிள்ளை என்பதை அவர் கண் காணவில்லை. நம் மறைமாவட்டப் பள்ளிகளில் படிப்போருள் எத்தனை பேர் நம் சமயத்தவர் அல்லர் என்பது நமக்குத் தெரியும். மாலையில் வீடு திரும்பும் அப்பிள்ளை, பள்ளியில் கேட்ட ஒரு சொல்லைப் பாட்டியிடமிருந்து மறைப்பானா, தந்தையிடம் சொல்லுவானா என்று இன்று எண்ணத் தோன்றுகிறது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் பிற சமயங்களைப் பற்றிய தன் அறிக்கையை வெளியிட்டது 1965-இல். ஒரு பத்து வயதுச் சிறுவனின் சிவந்த காதைக்கொண்டு நாராயண் அதே வழக்கை முப்பது ஆண்டுகளுக்கு முன்பே எழுதி வைத்துவிட்டார். வேதபாட ஆசிரியராக விரும்பும் ஒவ்வொருவருக்கும் இந்த அத்தியாயத்தைப் படிக்கக் கொடுக்கலாம்.

அந்நூலின் முடிவையும் சொல்லாமல் விட மனமில்லை. சுவாமியின் உயிர்த்தோழன் ராஜம், காவல்துறை அதிகாரியின் மகன். மாற்றல் வந்து ஊரைவிட்டுப் போகிறான். சுவாமிமீது அவனுக்கு ஆறாத கோபம். நிலையத்துக்குச் சுவாமி ஒரு பரிசு எடுத்துப் போகிறான். அதுவும் ஒரு சிறுவர் நூல்தான், ஆண்டர்சனின் கதைகள். இரயில் நகரத் தொடங்கிய பின், இன்னொரு தோழன் மணி அதை வாங்கி ஓடிச்சென்று சாளரத்தின் வழியே கொடுக்கிறான். ராஜம் ஏதோ சொல்கிறான், இரைச்சலில் கேட்கவில்லை. ராஜம் கடிதம் எழுதுவானா? எழுதுவதாகச் சொன்னான் என்கிறான் மணி. என் முகவரி அவனுக்குத் தெரியாதே என்கிறான் சுவாமி. கொடுத்திருக்கிறேன் என்கிறான் மணி. சரி, என் முகவரியைச் சொல் பார்ப்போம் என்றதும் மணியால் சொல்ல முடியவில்லை. மணி பொய் சொல்கிறான் என்று அன்று நாங்கள் கண்டுபிடித்துவிட்டோம். கெட்டிக்காரத்தனம் என்று பெருமையும் பட்டோம். வகுப்பிலேயே முரடன் என்று பெயரெடுத்தவன், தடியைத் தூக்கிக்கொண்டு திரிந்தவன், நண்பனுக்காக எவ்வளவு மென்மையான ஒரு பொய்யைத் தேடி எடுத்தான் என்பதைக் காண எனக்கு நாற்பது ஆண்டு வேண்டியிருந்தது. அதைச் சொல்லும்போது அவன் முகத்தில் என்ன இருந்தது என்பதை நாராயணும் சொல்லவில்லை.

இனி, கடல் கடந்து வந்த ஒரு நூல். ஜப்பானில் தெத்சுகோ குரோயாநாகி என்னும் பெண்மணி தம் பள்ளிப் பருவத்தைப் பற்றி 1981-இல் எழுதியது. 'டோட்டோ-சான்: ஜன்னலில் ஒரு சிறுமி' என்று தேசிய புத்தக நிறுவனம் தமிழில் வெளியிட்டிருக்கிறது. முதல் வகுப்பிலேயே பள்ளியிலிருந்து விலக்கப்பட்ட சிறுமி அவள். செய்த குற்றம்? மேசையின் மூடியை ஓயாமல் திறந்து மூடினாள். பாடவேளையில் சாளரத்தருகே நின்று தெருவில் போகும் வாத்தியக்காரர்களைக் கூப்பிட்டாள். கூடு கட்டும் குருவியிடம் என்ன செய்கிறாய் என்று கேட்டாள். தாய் அவளை தோமோயே என்னும் வேறொரு பள்ளிக்கு அழைத்துப் போகிறாள். அங்கே பழைய இரயில் பெட்டிகளே வகுப்பறைகள். தலைமையாசிரியர் கோபயாஷி அச்சிறுமியை உட்காரவைத்து, அவள் பேச விரும்பியதையெல்லாம் நான்கு மணி நேரம் கேட்கிறார். கொட்டாவி விடவில்லை, இடையில் எழுந்து போகவுமில்லை. (நான்கு மணி நேரம்! நம்மிடம் வரும் பிள்ளைக்கு நான்கு நிமிடம் கொடுக்கிறோமா?) ஒருநாள் அவள் கழிவுத் தொட்டியில் விழுந்த தன் பணப்பையைத் தேடி, உள்ளேயிருந்ததையெல்லாம் அள்ளி வெளியே குவிக்கிறாள். அவ்வழியே வந்த கோபயாஷி, முடிந்ததும் எல்லாவற்றையும் திரும்பப் போட்டுவிடுவாய் அல்லவா என்று மட்டும் கேட்டுவிட்டுப் போகிறார்.

எந்தப் பிள்ளைக்கும் இந்நூலில் முதலில் பிடிப்பது இரயில் பெட்டிதான். பெரியவர் படித்தால் நிற்கும் இடம் வேறு. பள்ளியிலிருந்து விலக்கப்பட்டாள் என்பது அவளுக்கே தெரியாது. தாய் சொல்லவில்லை. வேறு பள்ளிக்குப் போகிறோம், அது நன்றாயிருக்கும் என்று மட்டும் சொல்லி அழைத்துப் போனாள். மகளுக்கு இருபது வயது கடந்த பின்னரே உண்மையைச் சொன்னாள்.

இந்நூலை எங்கள் பேழையிலிருந்து ஒரு மூதாட்டி பேரனுக்கென்று எடுத்துப் போனார். கிளைப்பங்கு ஒன்றைச் சேர்ந்தவர். அவர் எழுத்தறிந்த கதையையும் இங்கே சொல்ல வேண்டும். 1991-இல் இம்மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியதும், கல்லுடைத்த பெண்களும் களையெடுத்த பெண்களும் விளக்கு வெளிச்சத்தில் அகரம் எழுதியதும், மிதிவண்டி ஓட்டக் கற்றுச் சாலைகளில் கூட்டமாய்ச் சென்றதும் புதுக்கோட்டைக்காரர் எவரும் மறக்கக்கூடியவை அல்ல. அவ்வகுப்பில் முப்பது வயதில் முதன்முறை தம் பெயரை எழுதியவர் இவ்வம்மையார். ஆகவே நாம் சொல்லும் 'மறுவாசிப்பு' என்பது அவருக்கு இல்லை. சிறுவர் நூலைச் சிறுமியாயிருக்கையில் படித்திருந்தால் அல்லவா மீண்டும் படிப்பதற்கு? தாயாகவும் பாட்டியாகவும் ஆன பின்னரே அவருக்குப் பிள்ளைப் பருவத்து நூல் கிடைத்தது.

இரண்டு மாதம் கழித்து நூலைத் திருப்பிக் கொடுக்க வந்தார். விரலை வைத்து, எழுத்துக் கூட்டி, தாமே முழுவதும் படித்துவிட்டாராம்.

"சாமி, அந்தத் தாயி எப்படிச் சாமி வாயத் தொறக்காம இருந்துச்சு? பொண்ணுக்கு இருபது வயசு ஆகுற வரைக்கும்! எங்க வீட்டுல ஒரு சோத்துப்பானை விசயம்கூட ஒரு பொழுது தங்காது."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"என்னையப் பள்ளிக்கூடத்துல இருந்து நிறுத்துனப்ப, இது ஆடு மேய்க்கத்தான் லாயக்குன்னு எல்லாரும் மூஞ்சிக்கு நேராவே சொன்னாக. அது நெசமுன்னே நெனச்சுக்கிட்டேன் சாமி. அறிவொளி வாத்தியாரம்மா வந்து கூப்பிட்டப்பக்கூட, ஆடு மேய்க்கிறவளுக்கு எதுக்கும்மா எழுத்துன்னு நானே சொன்னேன்."

பல ஆண்டுகள் பல பேராசிரியர்களிடம் பாடம் கேட்டவன் நான். அந்நூலைப் பற்றி இதைவிடச் சிறந்த விளக்கம் எவரும் எனக்குச் சொன்னதில்லை. தாய் மறைத்தது ஒரு செய்தியை மட்டும் அன்று. மகள் தன்னைப் பற்றி என்ன நினைத்துக்கொண்டு வளர்வாள் என்பதை அவள் காத்தாள். அந்தத் தோமோயே பள்ளி 1945-ஆம் ஆண்டு விமானக் குண்டுவீச்சில் எரிந்து போயிற்று. அதில் படித்த பிள்ளைகள் தம்மைப் பற்றி நல்லபடியே நினைத்துக்கொண்டு வளர்ந்துவிட்டார்கள்.

மூன்றாவதாக 'குட்டி இளவரசன்' பற்றியும் எழுத வேண்டும் என்பர். பிரெஞ்சு விமானி செந்த் எக்சுபெரி 1943-இல் வெளியிட்ட இந்நூலை, 1981-இல் க்ரியா பதிப்பகம் தமிழில் தந்தது. தம் நண்பர் ஒருவர் சிறுவனாயிருந்த காலத்தை நினைத்து, அச்சிறுவனுக்கே நூலைக் காணிக்கையாக்கினார் ஆசிரியர். அடுத்த ஆண்டு ஜூலை 31 அன்று போர்ப்பணியில் பறந்து சென்றவர் திரும்பவில்லை. உலகமே போற்றும் நூல், நானும் போற்றுகிறேன். எனினும் ஒரு வழக்கு எனக்குண்டு. பெரியவர்கள் என்றாலே எண்களை எண்ணுவோர், ஒன்றும் விளங்காதோர் என்று அந்நூல் அடிக்கடி சொல்கிறது. விண்மீன்களை எண்ணி ஏட்டில் பதியும் வணிகனைக் கண்டு இளமையில் நகைத்தேன். இப்போது மாதக் கடைசியில் பங்குக் கணக்கேட்டை விரித்துவைத்துக்கொண்டு அவனைப் படித்தால் அவ்வளவு நகைப்பு வரவில்லை. யாரோ ஒருவர் எண்ணித்தானே ஆக வேண்டும்? வள்ளியப்பாவும் பகலில் எண்ணியவர்தான். ஆயினும் அதே நூலில், வேளை தவறாமல் விளக்கேற்றி அணைக்கும் மனிதன் ஒருவன் வருகிறான். அவனை மட்டும் இளவரசன் ஏளனம் செய்வதில்லை. முன்பு அவனைக் கவனியாமல் தாண்டிப் போயிருக்கிறேன். விடியுமுன் எழுந்து கோயில் மணியடிக்கும் எங்கள் கோயிற்பிள்ளையைப் பார்க்கும்போதெல்லாம் இப்போது அவன் நினைவு வருகிறது.

மீண்டும் படித்தால் எல்லா நூலும் சிறக்கும் என்று எவரும் எண்ணிவிட வேண்டாம். சில நூல்கள் ஒரே நாளில் உதிர்ந்துவிடுகின்றன. நல்ல பையன், கெட்ட பையன் என்று இருவரை நிறுத்தி, ஒருவனுக்குப் பரிசும் மற்றவனுக்குத் தேள்கடியும் கொடுத்து முடியும் கதைகளை நானும் இளமையில் ஆவலோடு படித்திருக்கிறேன். இன்று அவற்றில் நிற்பதற்கு இடமில்லை. தந்தை இல்லை, தாய் இல்லை, கெட்ட பையன் ஏன் அப்படி ஆனான் என்று கேட்க ஒரு நாதியும் இல்லை. அக்கதைகளைப் பிள்ளைகளே இப்போது எடுப்பதில்லை. அவர்கள் தீர்ப்புக்கும் என் தீர்ப்புக்கும் வேறுபாடில்லாத இடம் இது ஒன்றுதான்.

பழைய நூல்களைத் தேடுவோர் வெகுதூரம் போக வேண்டியதில்லை. புதுக்கோட்டைத் திருக்கோகர்ணத்தில் ஞானாலயா என்னும் ஆய்வு நூலகம் இருக்கிறது. ஒரு தம்பதியரின் விடாமுயற்சியால் வளர்ந்தது. நூல்கள் ஒரு இலட்சத்துக்கு மேல். முதற்பதிப்புகளும் பழைய இதழ்களும் அங்கே பேணப்படுகின்றன. ஆனால் பெரும்பாலான வீடுகளில் அவ்வளவு தூரமும் வேண்டாம். பரண்மேல் ஏறினால் போதும். பிள்ளைகள் படித்து முடித்த நூல்களைப் பழைய தாள் வாங்குபவரிடம் எடை போட்டுக் கொடுத்துவிடுவது நம் வழக்கம். கொடுக்குமுன் தாயோ தந்தையோ ஒருமுறை உட்கார்ந்து படிக்கட்டும் என்பேன். பிள்ளைக்குப் பாடம் நடத்துவதற்காக அன்று, தம் பொருட்டே. இதில் கவனிக்க ஒன்றுண்டு. படித்து முடித்த கையோடு பிள்ளையைக் கூப்பிட்டு, பார்த்தாயா, அந்தத் தாய் எவ்வளவு பாடுபட்டாள் என்று சொல்லத் தொடங்கிவிடக் கூடாது. பிள்ளை நிற்கும் இடம் சிறுமியின் பக்கம். அங்கே நிற்க அதற்கு உரிமை உண்டு. அதன் முறை வரும்போது அதுவே இடம் மாறி நிற்கும். முப்பது ஆண்டு ஆகலாம்.

அந்த மூதாட்டி சென்ற மாதம் மறுபடியும் வந்தார். வேறு நூல் ஏதும் வேண்டுமா என்றேன். அதே நூல்தான் வேண்டும் என்றார். பேரன் படித்தானா என்று கேட்டேன். இரயில் பெட்டி வருகிற இடம்வரை படித்துவிட்டு, அதையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறானாம். அதற்கு மேல் போகவில்லை. அவனை விரட்ட வேண்டாம் என்று விட்டுவிட்டாராம். தமக்குத்தான் வேண்டும் என்று சொல்லி, குறிப்பேட்டில் தம் பெயரைத் தாமே எழுதிவிட்டு எடுத்துப் போனார்.